புண்ணை ஆற்றுவதும் வயிற்றைக் காப்பதும்

எவரெஸ்டுக்கு இரண்டு முறை போய்வந்த மலையேறி ஒருவர் தன் உழைப்புக் காலத்தின் பெரும்பகுதியை நெய்யூரில் வயிறு அறுத்துத் தைப்பதில் கழித்தார். தியோடர் ஹோவர்ட் சாமர்வெல் என்ற அந்த ஆங்கில அறுவை மருத்துவர் 1922 எவரெஸ்ட் பயணம் முடிந்ததும் தென்னிந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்தார். அன்றைய தென் திருவிதாங்கூரில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில், நெய்யூர் லண்டன் மிஷன் மருத்துவமனை வாசலில் நின்ற கூட்டத்தைக் கண்டவர் ஊரில் காத்திருந்த எதிர்காலத்தை விட்டுவிட்டு இங்கேயே வேலைக்குச் சேர்ந்துகொண்டார். 1924இல் மறுபடி எவரெஸ்டுக்குப் போய், ஆக்சிஜன் உருளை இல்லாமல் 8,500 மீட்டர் உயரம்வரை ஏறித் திரும்பினார். அவர் மேசைக்கு ஓயாமல் வந்தது டியோடினப் புண். வயிறு முடிந்து சிறுகுடல் தொடங்குகிற இடத்தில் வருவது. ஆறுவதும் மறுபடி புண்ணாவதுமாக ஆண்டுக்கணக்கில் இழுத்து, தழும்பேறி, வழியே அடைபட்டு, தின்றதெல்லாம் வாந்தியாகிற நிலையில்தான் பலர் வந்தார்கள்.

ஏன் இந்த ஊரில் இத்தனை பேர்? ஏறக்குறைய அதே காலத்தில் குன்னூரில் உணவியல் ஆய்வாளர் ராபர்ட் மெக்காரிசன் எலிகளுக்கு இந்தியாவின் வட்டாரச் சாப்பாடுகளைச் சமைத்துப் போட்டுக்கொண்டிருந்தார். சீக்கியர்களின் கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி தின்ற எலிகளுக்கு வயிற்றில் புண் வரவில்லை. சென்னை மாகாணத்து ஏழைகளின் சாப்பாட்டைத் தின்றவற்றில் பத்தில் ஒன்றுக்கு மேல் வந்தது. மரச்சீனிக் கிழங்கை நம்பி வாழ்ந்த திருவிதாங்கூர் ஏழைகளின் சாப்பாட்டைத் தின்றவற்றிலோ நாலில் ஒன்றுக்கு மேல்.

பின்னால் மைசூர் மிஷன் மருத்துவமனையில் 1950களிலும் 60களிலும் அறுவை மருத்துவராக இருந்த ஃபிராங்க் டோவி இந்தக் கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டார். அரிசி தின்னும் தெற்கிலும் கிழக்கிலும் டியோடினப் புண் அதிகம், கோதுமை தின்னும் வடமேற்கில் குறைவு என்பதை ஊர் ஊராகத் தகவல் திரட்டிக் காட்டினார். இங்கிலாந்து திரும்பிய பிறகும் இந்திய உணவுப் பண்டங்களை எலிகளுக்குக் கொடுத்துச் சோதித்துக்கொண்டே இருந்தார் அவர். அப்படி வயிற்றைக் காப்பதாகத் தெரிந்தவற்றில் ஒன்று கொள்ளு. குதிரைக்கும் காளைக்கும் போடுவது என்று ஒதுக்கப்பட்டு, இப்போது உடல் இளைக்க ரசமாகத் திரும்பி வந்திருக்கிற அதே கொள்ளுதான். எலிகளின் வயிற்றைக் காத்தது அதன் எண்ணெய்ப் பகுதி. அதற்குள்ளும் குறிப்பாக பாஸ்போலிப்பிடுகளும் தாவர ஸ்டெரால்களும். நாள்பட வைத்திருந்த தீட்டிய அரிசி நேர்மாறாக எலிகளின் வயிற்றைப் பலவீனமாக்கியது.

புண்ணுக்கு மூலிகை என்றதும் நம் ஊரில் மணத்தக்காளி, அதிமதுரம், வாழைக்காய், வேப்பம்பட்டை என்று ஒரு பட்டியல் வரும். பட்டியலில் பொய் இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஆய்வுக் கட்டுரை இருக்கிறது. ஆனால் அவற்றில் மிகப் பெரும்பாலானவை விடை சொல்வது ஒரு கேள்விக்கு, நோயாளி கேட்பது வேறொரு கேள்வியை. புண்படாமல் வயிற்றைக் காக்குமா என்பது ஒன்று. வந்த புண்ணை ஆற்றி, மறுபடி வராமல் செய்யுமா என்பது மற்றொன்று.

முதல் கேள்வியைப் புரிந்துகொள்ள வயிற்றின் உட்சுவரைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். வயிற்றுக்குள் ஊறும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் pH அளவு 1 முதல் 2 வரை இறங்கும். ஆனால் சுவரை ஒட்டி உள்ள செல்களின் மேல் அது ஏறத்தாழ 7, கிட்டத்தட்ட வெறும் தண்ணீர் மாதிரி. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தொலைவில் இந்த மாற்றம் நடக்கிறது. செல்கள் சுரக்கும் கோழைப் படலமும், அதற்குள் கசியும் பைகார்பனேட் உப்பும் அமிலத்தை வழியிலேயே முறித்துவிடுகின்றன. கோழையின் மேல் பாஸ்போலிப்பிடுகள் ஒட்டி, தண்ணீர் ஒட்டாத மேற்பரப்பாக்குகின்றன. இவ்வளவையும் மீறிச் செல்கள் சாகும்போது அக்கம்பக்கத்துச் செல்கள் நகர்ந்து இடைவெளியை மூடுகின்றன. சுவரின் மேற்பரப்புச் செல்கள் முழுவதும் சில நாள்களுக்கு ஒருமுறை புதிதாகிவிடுகின்றன. அடியில் ஓடும் ரத்தம் உள்ளே நுழைந்த அமிலத்தை அள்ளிக்கொண்டு போகிறது. கோழை, பைகார்பனேட், ரத்த ஓட்டம் ஆகிய மூன்றையும் தூண்டிக்கொண்டிருக்கும் வேதிப்பொருள்கள்தான் புரோஸ்டகிளாண்டின்கள். ஆஸ்பிரின் அவை உற்பத்தியாகாமல் தடுக்கிறது என்று 1971இல் ஜான் வேன் கண்டுபிடித்தார். மூட்டு வலிக்குத் தினமும் அதே வகை மாத்திரையான டைக்ளோஃபினாக் விழுங்குபவர்களின் வயிறு ஏன் கெடுகிறது என்பதற்கு முக்கிய விளக்கம் அதில் கிடைத்தது.

கொள்ளின் பாஸ்போலிப்பிடு எலியின் வயிற்றைக் காத்ததில் எனக்கு நியாயம் தெரிவது இதனால்தான். சுவர் எதைப் பூசிக்கொள்கிறதோ அந்த வகைப் பொருளையே அது வெளியிலிருந்து தருகிறது.

மூலிகைச் சாற்றைச் சோதிக்கும் முறை உலகெங்கும் ஏறக்குறைய ஒன்றுதான். எலியைப் பட்டினி போடுவார்கள். சாற்றைக் குழாய் வழியாக வயிற்றுக்குள் செலுத்துவார்கள். அரை மணி, ஒரு மணி கழித்து அடர்ந்த ஆல்கஹாலோ இண்டோமெதசின் என்ற வலிமருந்தோ கொடுப்பார்கள். அல்லது எலியைக் கட்டிக் குளிரில் வைப்பார்கள். அல்லது வயிற்றின் கீழ்வாயைக் கட்டிவிடுவார்கள். இந்தக் கடைசி முறை 1945இல் ஹாரி ஷே என்ற அமெரிக்கர் தொடங்கிவைத்தது. சில மணி நேரத்தில் எலியைக் கொன்று வயிற்றைத் திறந்து சிவந்த கோடுகளை அளப்பார்கள். சாறு குடித்த எலிக்குக் கோடு குறைவு என்றால் மூலிகை தேறிவிட்டது.

பெரும்பாலும் எல்லாம் தேறிவிடும். அதற்குக் காரணம் உண்டு. ஆந்த்ரே ராபர்ட் என்ற ஆய்வாளர் அப்ஜான் மருந்து நிறுவனத்தின் ஆய்வகத்தில் 1979இல் ஒரு விஷயத்தைக் காட்டினார். புரோஸ்டகிளாண்டின் கொஞ்சம் கொடுத்துவிட்டால், பிறகு ஆல்கஹாலோ காரமோ கொதிநீரோ எதை ஊற்றினாலும் எலியின் வயிறு புண்படுவதில்லை. அமிலச் சுரப்பைக் குறைக்காத சிறிய அளவிலேயே இந்தப் பாதுகாப்பு கிடைத்தது. அதைவிட வியப்பானது அடுத்து வந்தது. நீர்த்த ஆல்கஹால், நீர்த்த அமிலம் போன்ற லேசான எரிச்சல் தரும் எதையும் முன்கூட்டிக் கொடுத்தாலும் வயிறு தானே புரோஸ்டகிளாண்டினைச் சுரந்து தன்னைக் காத்துக்கொண்டது. அப்படியானால் துவர்ப்பும் கசப்புமான ஒரு மூலிகைச் சாறு வயிற்றைக் காத்தது என்றால், அது மருந்தாலா, வயிற்றைச் சீண்டிவிட்டதாலா? இந்தக் கேள்வியைத் தன்னிடமே கேட்டுக்கொள்ளும் கட்டுரைகள் குறைவு. துவர்ப்புக்குக் காரணமான டானின்கள் சுவரின் மேல்பரப்புப் புரதங்களைக் கெட்டிப்படுத்தி ஒரு தோல்போல ஆக்கிவிடுவதும் உண்டு. மழைக்கு முன்பு கூரைமேல் தார்ப்பாயைப் போர்த்திவிட்டு, வீடு ஒழுகவில்லை என்று எழுதிவைப்பது போலத்தான் இது. கூரையில் ஏற்கெனவே உள்ள ஓட்டை என்னவாயிற்று என்பது தனிக் கணக்கு.

சீண்டலே காப்பு என்பதற்கு நம் சமையலறையில் ஒரு சாட்சி உண்டு, மிளகாய். அல்சர் என்றால் முதலில் நிறுத்தச் சொல்வது அதைத்தான். ஹங்கேரியின் பேச் நகரத்து ஆய்வாளர்கள் 1980களின் தொடக்கத்தில், மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின் சிறிய அளவில் எலியின் வயிற்றைக் காப்பதாகக் காட்டினார்கள். அது சுவரில் உள்ள உணர்வு நரம்புகளைத் தூண்டி ரத்த ஓட்டத்தைக் கூட்டுகிறது. 1995இல் சிங்கப்பூரில் இதை மனிதர்களிடமே பார்த்தார்கள். நலமான 18 பேர். ஒருமுறை 600 மில்லிகிராம் ஆஸ்பிரின் மட்டும், இன்னொருமுறை அதற்கு முன் 20 கிராம் மிளகாய். ஆறு மணி நேரம் கழித்து எண்டோஸ்கோப்பி. சேதத்தின் நடு மதிப்பெண் ஆஸ்பிரின் மட்டும் எடுத்தபோது 4, மிளகாய் தின்றபோது 1.5. அதே ஊரில் இந்தியர்களையும் மலாய்க்காரர்களையும்விட மிளகாய் குறைவாகத் தின்ற சீனர்களுக்கே புண் அதிகம் என்பதும் அப்போது பதிவானது. இதற்காக, புண் இருப்பவர் ஊறுகாய் ஜாடியைத் திறக்கலாம் என்று பொருள் இல்லை. சோதனையில் இருந்தவர்களின் வயிறு முழுசாக இருந்தது.

மணத்தக்காளிக்கு வருவோம். சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் துறையினர் 2006இல் வெளியிட்ட ஆய்வு இந்த வகையில் மேலானது. மணத்தக்காளிப் பழத்தின் மெத்தனால் சாற்றை எலிகளுக்குக் கொடுத்தார்கள். ஆல்கஹால், இண்டோமெதசின், குளிர், வயிற்றுவாய்க் கட்டு எல்லாவற்றிலும் அது காத்தது. அத்துடன் நிற்காமல், அசிட்டிக் அமிலத்தால் நாள்பட்ட புண்ணை உண்டாக்கி, அதன் பிறகு சாற்றைக் கொடுத்து ஆறுகிறதா என்றும் பார்த்தார்கள். புண் சுருங்கியது. அமிலத்தை வெளியே தள்ளும் புரோட்டான் பம்ப் என்ற நொதியின் வேகமும் குறைந்தது. நாம் மெடிக்கலில் வாங்கும் ஒமிப்ரசோல், பான்டாப்ரசோல் மாத்திரைகள் கைவைப்பதும் அதே நொதியில்தான்.

ஆனால் அளவைப் பாருங்கள். எலிக்குக் கொடுத்த மேல் அளவு கிலோவுக்கு 400 மில்லிகிராம். எலியின் அளவை மனித அளவாக்க வழக்கமாக ஆறால் வகுப்பார்கள். 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 கிராம் வடித்த சாறு என்று வரும். காய்ந்த பழத்தில் பத்தில் ஒரு பங்கு சாறாக இறங்குகிறது என்று வைத்துக்கொண்டால்கூட 40 கிராம் வற்றல். வற்றல் குழம்பில் ஒரு ஆளின் தட்டில் விழுவது நாலைந்து கிராம் இருந்தால் அதிகம். கீரையைக் கூட்டு வைத்துச் சாப்பிடுகிற பழக்கத்துக்கு இந்த ஆய்வு நேராகச் சான்று சொல்லவும் இல்லை, ஏனென்றால் சோதிக்கப்பட்டது பழம். கீரை இதமாக இருக்கிறது என்று சொல்பவர்களோடு நான் சண்டைக்குப் போகமாட்டேன். இதமும் புண் ஆறுவதும் வேறு என்று மட்டும் சொல்வேன்.

வாழைக்காயிலும் இதே மாதிரி ஒரு நுட்பம். வாரணாசியில் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும், 1984இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஒரு குழுவும், பழுக்காத மொந்தன் வகைக் காயின் பொடி எலியின் வயிற்றுச் சுவரைத் தடிமனாக்குவதைக் கண்டார்கள். பின்னால் அதில் லூகோசயனிடின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். தட்டில் வைக்கும் பழுத்த வாழைப்பழத்தில் அந்த வேலை நடக்கவில்லை.

நம் பட்டியலில் எலியைத் தாண்டி மனிதர் வரை வந்து, ஆலையில் மாத்திரையாகி, டாக்டர் சீட்டில் எழுதப்பட்டு, கடைசியில் ஒதுக்கவும்பட்ட ஒரே மூலிகை அதிமதுரம். அதன் கதையை முழுசாகச் சொன்னால்தான் மற்றவற்றின் நிலை புரியும்.

1946இல் ரேவர்ஸ் என்ற டச்சு மருத்துவர், தன் பகுதியில் ஒரு மருந்துக் கடைக்காரர் செய்து விற்ற அதிமதுரக் குழம்பு வயிற்றுப் புண்காரர்களிடையே பேர் வாங்கியிருந்ததைக் கவனித்தார். கொடுத்துப் பார்த்தார். புண் ஆறியது. ஆனால் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு முகமும் கைகால்களும் வீங்கின. ஆம்ஸ்டர்டாமில் போர்ஸ்ட் என்ற மருத்துவரின் குழு அந்த வீக்கத்தை ஆராய்ந்தது. அதிமதுரம் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கிவைத்து, பொட்டாசியத்தை வெளியே தள்ளியது. அட்ரினல் சுரப்பியின் ஹார்மோன் செய்யும் வேலையை ஒரு வேர் செய்தது.

லண்டனில் அதிமதுரத்தின் சாரமான கிளைசிரெட்டினிக் அமிலத்தைச் சற்றே மாற்றி கார்பினாக்சலோன் என்ற மருந்தைச் செய்தார்கள். புகைப்பதற்கும் நுரையீரல் புற்றுக்கும் உள்ள தொடர்பை நிறுவியவர்களில் ஒருவரான ரிச்சர்ட் டால், 1962இல் அதை முறைப்படி சோதித்தார். மருந்து எது, வெற்று மாத்திரை எது என்று நோயாளிக்குத் தெரியாத சோதனை. இது ஏன் முக்கியம் என்றால், டியோடினப் புண் உள்ளவர்களுக்கு வெற்று மாத்திரை கொடுத்தாலும் ஒரு மாதத்தில் மூன்றில் ஒருவருக்கு அது தானாக ஆறிவிடும். ஒப்பிட ஆள் இல்லாமல் ‘என் மருந்தில் ஆறியது’ என்று யாரும் சொல்ல முடியும். அதற்கு முன் டால் செய்த சோதனைகளில் வயிற்றுப் புண்ணை ஆற்ற உதவியவை இரண்டுதான். மருத்துவமனையில் படுத்து ஓய்வெடுப்பது, புகைப்பதை நிறுத்துவது. கார்பினாக்சலோன் மூன்றாவதாகச் சேர்ந்தது. வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர்களின் வயிற்றுப் புண்ணைக்கூட அது ஆற்றியது. அமிலத்தைக் குறைத்து அல்ல, புரோஸ்டகிளாண்டின் சிதைவதைத் தாமதமாக்கியும் கோழையைப் பெருக்கியும்.

விலையும் கூடவே வந்தது. கால் வீக்கம், ரத்த அழுத்தம், பொட்டாசியக் குறைவால் தசைத் தளர்ச்சி. ஸ்பைரனோலாக்டோன் என்ற மாத்திரையைச் சேர்த்துக் கொடுத்தால் வீக்கம் வரவில்லை, ஆனால் புண்ணும் ஆறவில்லை. டால் 1968இல் இதைக் காட்டினார். தைசைடு வகை நீர்மாத்திரைகளில் அந்தச் சிக்கல் இல்லை, ஆனால் அவை பொட்டாசியத்தை இன்னும் இறக்கின. வீக்கத்தின் சூத்திரம் 1987இல் எடின்பரோவில் பிடிபட்டது. நம் சிறுநீரகத்தில் கார்ட்டிசாலைச் செயலிழக்க வைக்கும் ஒரு நொதி இருக்கிறது. அதிமதுரம் அந்த நொதியைக் கட்டிப்போடுகிறது. கட்டவிழ்ந்த கார்ட்டிசால் உப்பைத் தேக்கும் ஹார்மோனின் இருக்கையில் போய் உட்கார்ந்துகொள்கிறது.

கெடுதல் செய்யும் கிளைசிரைசினை நீக்கிவிட்டு மிச்சத்தைக் கொடுக்கலாமே என்று அதையும் செய்தார்கள். கிளைசிரைசின் நீக்கிய அதிமதுரம் கடைகளுக்கு வந்தது. சில சோதனைகளில் நல்ல பலன் தெரிந்தது. ஆனால் 1978இல் பிரிட்டனில் நடந்த ஒரு கட்டுப்பாடுள்ள சோதனையில் வெற்று மாத்திரையைவிட அது மேலாக இல்லை. இதற்குள் 1976இல் சிமெட்டிடின் வந்து, அமிலத்தையே அடக்கிவிட்டது. அதிமதுர மருந்துகள் மெதுவாக மறைந்தன. நாட்டு மருந்துக் கடையில் இன்றும் வேர் கிடைக்கிறது, தொண்டைக் கரகரப்புக்கு ஒரு துண்டு மெல்வதில் ஆபத்து இல்லை. ஆனால் நாளுக்கு 100 மில்லிகிராம் கிளைசிரைசினுக்கு மேல் வேண்டாம் என்று ஐரோப்பிய உணவு அறிவியல் குழு சொல்லியிருக்கிறது. வேரில் கிளைசிரைசின் நூற்றுக்குச் சில பங்கு இருப்பதால், சில கிராம் பொடியே அந்த எல்லையைத் தொட்டுவிடும். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர் தினமும் ஒரு தேக்கரண்டி அதிமதுரப் பொடியைப் பாலில் கலந்து குடிப்பதை டாக்டரிடம் சொல்லாமல் இருப்பது தவறு.

இவ்வளவும் நடந்தபோது யாருக்கும் தெரியாத குற்றவாளி ஒருவர் இருந்தார். 1982இல் ஆஸ்திரேலியாவின் பெர்த்தில், ஈஸ்டர் விடுமுறையால் வழக்கத்தைவிட அதிக நாள் அடைவெப்பப் பெட்டியில் கிடந்த தட்டுகளில் ஒரு கிருமி வளர்ந்திருந்தது. ஹெலிகோபாக்டர் பைலோரி. புண்ணுக்குக் காரணம் அதுதான் என்று நம்பாதவர்களுக்காக, அதைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான பேரி மார்ஷல் 1984இல் அதைக் கரைத்துக் குடித்து, தன் வயிற்றை அழற்சியாக்கிக் காட்டினார். உடன் ஆய்வாளர் ராபின் வாரனோடு 2005இல் நோபல் பரிசு பெற்றார். புண் ஆறி மறுபடி மறுபடி வந்ததற்கு விடை அதில் இருந்தது. கிருமியைக் கொன்றால் புண் திரும்புவது மிக அரிது.

மூலிகைகளும் கிருமியை நோக்கித் திரும்பின. கண்ணாடித் தட்டில் அதைக் கொல்லாத மூலிகை குறைவு. கிரேக்கத்தின் கியோஸ் தீவில் கிடைக்கும் மஸ்திகை என்ற பிசின் அதைக் கொல்வதாக 1998இல் ஒரு முன்னணி மருத்துவ இதழில் கடிதம் வந்தது. 2003இல் கிருமி உள்ள சிலருக்கு அதே பிசினை இரண்டு வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். கிருமி குறையவில்லை. ஜப்பானில் 2009இல் தினமும் 70 கிராம் பிராக்கோலி முளையை எட்டு வாரம் தின்றவர்களுக்குக் கிருமியின் அடையாளங்கள் குறைந்தன, நிறுத்தி இரண்டு மாதத்தில் பழைய நிலைக்கு வந்தன. கோழைக்கு அடியில் பதுங்கும் கிருமியிடம் போய்ச்சேர்வதற்குள் சாறு நீர்த்து, குடலுக்குள் இறங்கிவிடுகிறது. இதில் நான் ஆண்டிபயாடிக் பக்கம்தான்.

இருந்தாலும் நெய்யூரின் கேள்வி கிருமியோடு முடிந்துவிடவில்லை. இந்தியாவில் வடக்கிலும் தெற்கிலும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் அந்தக் கிருமி பரவியிருக்கிறது. புண் மட்டும் ஒரே அளவில் இருந்ததில்லை. கிருமி தாக்குகிறது, சுவர் தாங்குகிறதா இல்லையா என்பதை உணவு ஓரளவு முடிவுசெய்கிறது என்பது டோவியின் வாதம். அது எனக்கு ஏற்புடையதாகவே படுகிறது. இன்று கிருமியைவிட வலிமாத்திரையால் வரும் புண் முக்கியமாகி வருகிறது. முழங்கால் வலிக்குப் பல ஆண்டு மாத்திரை விழுங்கப்போகிற முதியவருக்கு வேண்டியது, வயிறு கெடுவதற்கு முன்பே எடுத்துக்கொள்ளும் காப்பு. மூலிகை ஆய்வு இத்தனை காலம் எலியிடம் கேட்டுவந்த கேள்வி பொருந்துகிற இடம் இதுதான்.

அதற்கு வழியும் சிங்கப்பூர்க்காரர்கள் காட்டியதுதான். நலமான இருபது பேர் முன்வந்தால் போதும். ஒருமுறை வலிமாத்திரை மட்டும், இன்னொருமுறை அதற்கு முன் அளந்த கொள்ளு எண்ணெய்ப் பகுதி. எது எது என்று எண்டோஸ்கோப்பி பார்க்கும் டாக்டருக்குத் தெரியக் கூடாது. மருத்துவக் கல்லூரி ஒன்றில் ஒரு பட்டமேற்படிப்பு மாணவர் தன் ஆய்வேடாகவே செய்துமுடிக்கக்கூடிய வேலை. கொள்ளோடு மணத்தக்காளிப் பழத்தையும் வாழைக்காய்ப் பொடியையும் சேர்த்துக்கொள்ளலாம். ஏற்கெனவே கருப்பாக மலம் போகிறவர், ரத்த வாந்தி எடுத்தவர், காரணமில்லாமல் எடை குறைகிறவர் ஆகியோர் மட்டும் இதற்காகக் காத்திருக்கக் கூடாது. முதல் இருவரும் உடனே மருத்துவமனைக்கும், மூன்றாமவர் இந்த வாரமே எண்டோஸ்கோப்பிக்கும் போக வேண்டும்.